பி.சி.ஜி. காட்டிக்கொடுத்த நோய்கள்: பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு அறியப்பட்ட வரலாறு

பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டின் வரலாற்றை 1952-இல் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், நிமோகாக்கஸ் தொற்றால் மீண்டும் மீண்டும் படுத்த 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதம் அறவே இல்லை என்று கண்டார். அதை ஊசிவழி செலுத்தியதும் பையன் தேறினான். சென்னையை ஒட்டிய திருவேற்காட்டிலிருந்து பார்ப்பவருக்கு இதே வரலாறு கிண்டியில் தொடங்குகிறது.

கிண்டியில் 1948-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. திருவேற்காடு அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி.யோ வெற்று ஊசியோ போட்டு, பிறகு 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. ஆனால் குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் போன்ற கடுங்காசநோய்க்கு அது அரணாக இருந்ததால், பச்சிளங்குழந்தைக்குப் போடும் ஊசியாக நிலைத்தது.

பி.சி.ஜி.யில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளிடமும் அது தோளில் தழும்பாக அடங்கிவிடும். நோயெதிர்ப்புக்கு வேண்டிய டி செல்களே இல்லாமல் பிறந்த குழந்தையிடம் அடங்காது. அக்குளில் நெறிகட்டி, கல்லீரல், எலும்பு என்று பரவும். அக்குள் நெறி மட்டும் வீங்குவது நல்ல குழந்தைக்கும் நேர்வதே, அதற்காகப் பதற வேண்டியதில்லை. பரவலே எச்சரிக்கை. 1996-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், பி.சி.ஜி. பரவி இறந்த துனிசியக் குழந்தையொன்றிடம் இன்டர்ஃபெரான்-காமா ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருந்ததைக் காட்டினர். தடுப்பூசியின் கோளாறு என்று எண்ணப்பட்டது, ஊசி போட்டுக்கொண்ட உடலின் கோளாறு என்று தெரிந்தது. என் கணிப்பில், புரூட்டனின் சிறுவனைவிட இந்தக் குழந்தையே நம்மூர் மருத்துவருக்கு நெருக்கமான பாடம்.

சோதனைகள் மெல்ல வந்தன. வெள்ளணுக்கள் விழுங்கிய கிருமியைக் கொல்ல முடியாத நாட்பட்ட கிரானுலோமா நோய்க்கு 1960-களில் என்.பி.டி. சாயச் சோதனை வந்தது. பின்னர் ஃப்ளோ சைட்டோமெட்ரி அதை விஞ்சியது. இந்தியாவில் மும்பை தேசிய நோயெதிர்ப்பு ரத்தவியல் நிறுவனமும் சண்டிகர் பி.ஜி.ஐ.யும் இத்துறைக்கு முதுகெலும்பாயின. இவ்வளவு தொலைவு போகுமுன் கைக்கெட்டும் சோதனை ஒன்று உண்டு. கைக்குழந்தையின் சாதாரண ரத்த எண்ணிக்கையில் லிம்ஃபோசைட் 3000-க்குக் கீழ் இருந்தால் டி செல் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். பத்துப் பக்க மரபணு அறிக்கைக்குக் காத்திருப்பவர்கள், கையிலிருக்கும் ரத்தச் சீட்டின் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவதுண்டு.

பெரியவர்கள் நிலை இன்னும் சிக்கல். எதிர்ப்புப் புரதம் குறைந்த ஒருவருக்கு ஓயாத சளியும் மூச்சுக்குழல் சிதைவும் வந்தால், காசநோய் மிகுந்த நாட்டில் முதலில் காசநோய் மருந்துதான் எழுதப்படும். சளியில் கிருமி தென்படாமலே இரண்டாம் முறையும் அதே மருந்து தொடங்கப்படுமிடத்தில், ரத்தத்தில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். ஆகிய எதிர்ப்புப் புரதங்களின் அளவைப் பார்த்துவிடலாம்.

மீண்டும் குழந்தைகளிடம் வருவோம். அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டும் குடும்பங்களில், கணவன் மனைவி இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுப் பழுது பிள்ளையிடம் சேர வாய்ப்புக் கூடும். இத்தகைய குறைபாட்டை முன்கூட்டியே அறிய, அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2008 முதல் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் உலர்ந்த ரத்தப் பொட்டில் டி செல் சோதனை நடக்கிறது. இந்தியாவில் அப்படி எல்லாருக்குமான திட்டம் இல்லை. சோதனைக்கு முன்பே, பிறந்த கையோடு பி.சி.ஜி. போடப்படுகிறது. ஆகவே பிரசவ அறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இதுக்கு முன்னாடி பிள்ளை ஏதாச்சும் கைக்குழந்தையிலேயே தவறிப்போச்சாம்மா?” ஆம் என்றால், காரணம் தெளியும்வரை ஊசியைத் தள்ளிவைக்கலாம். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரியநோய்க் கொள்கை, கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டை ஒரே சிகிச்சையில் குணப்படுத்தக்கூடியவற்றுள் சேர்த்திருக்கிறது. அச்சிகிச்சையான எலும்பு மஜ்ஜை மாற்று, வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னையிலும் நடக்கிறது. ஆனால் பி.சி.ஜி. பரவிவிட்ட குழந்தையை அதற்குக் கொண்டுபோவது, பரவாத குழந்தையைக் கொண்டுபோவதைவிடப் பன்மடங்கு கடினம்.