சனி, ஞாயிறு இரண்டு நாள்: பழவேற்காடு



“ஆவடியிலிருந்து இரண்டு நாளில் போய்வர நல்ல கடற்கரை ஊர் எது சார்?” என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டிருந்தாள். புதிதாகக் கல்யாணமானவள். கணவருக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. மாமல்லபுரமும் புதுச்சேரியும் பார்த்தாகிவிட்டதாம். அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன்.

என் பதில், பழவேற்காடு. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் செங்குன்றம் வழியாகப் பொன்னேரி போய், அங்கிருந்து போகலாம். பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு வெளிவட்டச் சாலை மீஞ்சூர் வரை கொண்டுபோய் விடும். ரயில் என்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். நானும் என் மனைவியும் ஜனவரியில் போனோம். இரவு பொன்னேரியில் உறவினர் வீட்டில் தங்கி, இரண்டு நாளும் ஊரைச் சுற்றினோம்.

பாடப் புத்தகத்தில் இந்த ஊருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. ‘பொருத்துக’ கேள்வியில் டச்சுக்காரர்களுக்கு நேராகப் பழவேற்காடு என்று கோடு போட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் கதை பெரியது.

1610-இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே வணிகம் தொடங்கினார்கள். அதற்கு முன்பே போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் இருந்தவர்கள். சாந்தோமிலிருந்து வந்து 1612-இல் டச்சுக்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கினார்கள். இனி கோட்டை இல்லாமல் பிழைக்க முடியாது என்று 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள்.

இவ்வளவு போட்டி எதற்கு? துணிக்கு. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த கிழக்குத் தீவுகளில் நம் நெசவாளர்களின் துணிக்கு அத்தனை கிராக்கி. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருள் வாங்கி ஐரோப்பாவில் விற்றார்கள். மலேசியாவில் இன்றும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்தப் பெலிக்காட் நம்முடைய பழவேற்காடுதான். அங்கே இருக்கும் நம் உறவினர்கள் கடையில் கேட்டுப் பாருங்கள்.

சென்னை பிறந்ததிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. 1611-இல் ஆங்கிலேயரின் கப்பல் ஒன்று இங்கே வணிகம் செய்ய வந்தபோது டச்சுக்காரர்கள் இடம் கொடுக்கவில்லை. வேறு துறை தேடி அலைந்த ஆங்கிலேயர், 1639-இல் தெற்கே சென்னப்பட்டினத்தில் ஒரு மணல் திட்டைப் பெற்றுக் கோட்டை கட்டினார்கள்.

இனி சொல்வது கசப்பானது. துணி ஏறிய கப்பல்களில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1620-களின் தொடக்கத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையே விற்றவர்களும், பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாதான் டச்சுக்காரர்களின் தலைநகரம். அங்கே வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள், பஞ்சமோ போரோ வந்தபோதெல்லாம் இந்த வியாபாரம் தலைதூக்கியது.

பழவேற்காட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, 76 கல்லறைகள். வாசலில் எலும்புக்கூடு உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கற்களில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. என் மனைவி ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வருடங்களைப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கேட்டாள்: “இவங்க பேரு, வயசு எல்லாம் கல்லுல இருக்கு. கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்களே, அவங்க பேரு எங்கேங்க இருக்கு?”

வகுப்பில் என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கம்பெனியின் கணக்கில் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டுமே. நம் சுற்றுவட்டாரத்து ஏழை உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். கரையில் அவர்களுக்கென்று நான் ஒரு கல்லையும் காணவில்லை. பாடத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற பிறகும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1690-இல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். ஊர் மெல்லச் சரிந்தது. 1824 உடன்படிக்கைப்படி 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு முழுதாக வந்தது. கோட்டை இருந்த இடம் இப்போது முட்புதர். போகும்போது பள்ளிவாசலில் 1914-ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரத்தை அனுமதி கேட்டுப் பாருங்கள். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணச் சிற்பங்கள் உள்ளங்கை அளவில் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை போனால் ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி இதுதான்.

ஒரு எச்சரிக்கை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறையில் இங்கே படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். நம்மைப் போலவே ஒருநாள் சந்தோஷமாக இருக்க வந்த குடும்பங்கள். “சும்மா ஒரு ரவுண்டு” என்று யார் கூப்பிட்டாலும் மீன்பிடிப் படகில் ஏறாதீர்கள். கரையிலிருந்து பார்த்தாலே ஏரி அழகு.

மீனும் இறாலும் நண்டும் அங்கேயே வாங்குங்கள். ரொம்பப் பேரம் பேசாதீர்கள். முகத்துவாரம் மணலால் அடைபடும்போதெல்லாம் முதலில் அடிபடுவது அந்த மீனவர்களின் பிழைப்புதான்.

பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களையும் கூட்டிப்போங்கள். கல்லறைத் தோட்டத்தில் செல்ஃபி எடுத்து முடித்த பிறகு, என் மனைவி கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.