சிறுநீர்ப்பைச் செயல்பாட்டுச் சோதனையில் வலிக்குறைப்பு: வரலாறு

சிறுநீர்ப்பை எவ்வளவு சிறுநீரைத் தேக்குகிறது, எந்த அழுத்தத்தில் வெளியேற்றுகிறது என்பதை அளப்பது சிறுநீர்ப்பைச் செயல்பாட்டுச் சோதனை ஆகும். முதுகுத்தண்டுக் காயம், பக்கவாதம், புராஸ்டேட் சுரப்பி வீக்கம் போன்றவற்றால் சிறுநீர்க் கசிவோ அடைப்போ ஏற்பட்டவர்களுக்கு இது தேவைப்படலாம். சிறுநீர்ப்பையில் நீடிக்கும் உயர் அழுத்தம் சிறுநீரகங்களைப் பழுதாக்கும். எனவே வலிக்கும் கூச்சத்துக்கும் அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்பது ஆபத்தானது.

தொடக்கம்

இத்தாலியைச் சேர்ந்த மோசோ, பெல்லக்கானி ஆகியோர் 1882-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் சிறுநீர்ப்பையில் வடிகுழாய் செலுத்தி அழுத்த மாற்றங்களைப் பதிவு செய்தனர். தொடுதல், பேச்சு, மனக்கிளர்ச்சி ஆகியவற்றாலும் சிறுநீர்ப்பை சுருங்குவதை அவர்கள் கண்டனர். நோயாளியின் பதற்றம் அளவீட்டையே மாற்றிவிடும் என்பதற்கு இது பழைய சான்று. 1927-இல் அமெரிக்க மருத்துவர் டி. கே. ரோஸ் சிறுநீர்ப்பை அழுத்தமானியை விவரித்தார்.

வலியைக் குறைத்த மாற்றங்கள்

1956-இல் சுவீடனின் வான் காரெல்ட்ஸ் சிறுநீர் வெளியேறும் வேகத்தை அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். கருவிக்குள் சிறுநீர் கழித்தாலே போதும், குழாய் தேவையில்லை. 1970-களில் கரியமில வாயுவால் சிறுநீர்ப்பையை நிரப்பும் முறை பரவியது. அது விரைவானது என்றாலும், வாயு ஈரத்தில் கரைந்து அமிலமாகி எரிச்சலூட்டியது. அதனால் உப்புநீரே மீண்டும் நிலைபெற்றது. 1971-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சிறுநீர்க் கட்டுப்பாட்டுக் கழகம் சோதனை முறைகளைத் தரப்படுத்தியது. இன்று ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள குழாய், லிடோகைன் களிம்பு, மெதுவாக நிரப்புதல், மறைவான அறை, ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே விளக்குதல் ஆகியவை வலியையும் பதற்றத்தையும் குறைக்க உதவுகின்றன.

விருதுநகர் வட்டாரம்

விருதுநகர், சிவகாசி வட்டார மக்கள் சிறப்பு மருத்துவத்துக்கு நெடுங்காலமாக மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நாடிவந்தனர். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறக்கப்பட்டது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் நாட்கூலி பெறுவோருக்கு வெளியூர்ச் சோதனை என்பது ஒருநாள் கூலி இழப்பு. சிறுநீர்க் கசிவுள்ளவருக்குப் பேருந்துப் பயணமும் துன்பமே. வலியாலும் பதற்றத்தாலும் அளவீடு பிழைத்தால் மீண்டும் வர நேரிடும். ஆகவே வலிக்குறைப்பு நோயாளிக்குக் காட்டும் பரிவு மட்டுமன்று. சோதனை சரியாக அமைவதற்கான நிபந்தனையும் ஆகும்.

சோதனைக்குப் பின் ஓரிரு நாள் லேசான எரிச்சல் இருக்கலாம். காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.