பொம்மைக் கார்களும் துத்தநாக நோயும்

கையில் எடுத்தால் கனக்க வேண்டும். அதுவே நல்ல பொம்மைக் கார் என்பது சேகரிப்போர் பலரின் துணிபு. துத்தநாகக் கலவையின் அடர்த்தி, பொம்மை செய்யும் பிளாஸ்டிக்கைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆதலின் உலோகம் உயர்ந்தது, பிளாஸ்டிக் மலிவானது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றியது. ஆயினும் கனத்தைக் கொண்டு ஆயுளை அளக்கலாமா? இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பிறந்த டிங்கிப் பொம்மைகளின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

பின்னர் மெக்கானோ எனப் பெயர் பெற்ற கட்டுமான விளையாட்டுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றவர் பிராங்க் ஹார்ன்பி. அவருடைய நிறுவனம் 1934-இல் தன் சிறு வண்டிகளுக்கு 'டிங்கி' எனப் பெயர் சூட்டியது. தொடக்கத்தில் அவை ஈயக் கலவையால் வார்க்கப்பட்டன. ஈயமோ மென்மையானது, குழந்தைகளுக்கு நஞ்சும் ஆவது. விரைவிலேயே அதன் இடத்தை 'மாசாக்' என்னும் துத்தநாகக் கலவை பெற்றது. அமெரிக்கர் இதனைச் 'சமாக்' என்பர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து ஆக்கிய சொல் அது.

பித்தளைக் குத்துவிளக்கில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகமே இதில் முதன்மை. அலுமினியம் ஏறத்தாழ 4 விழுக்காடு. 400 பாகை செல்சியசை எட்டுமுன்பே இக்கலவை உருகிவிடும். எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தினால் கதவின் கோடும் விளக்கின் வளையமும் அப்படியே பதியும்.

ஆனால் தான் அகற்றிய ஈயமே இக்கலவைக்குப் பகையாயிற்று. இலட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது இன்றைய தரவரம்பு. மிகுமாயின், அது உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே தங்கி, ஈரக்காற்றின் துணையோடு அரிப்பை உள்ளே வளர்க்கும். வண்டியின் உடல் பருக்கும், மயிரிழைபோல் வெடிக்கும், இறுதியில் விரல் பட்டாலே உதிரும். இதுவே துத்தநாக நோய். இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த டிங்கிகள் பல இவ்வாறு அழிந்தன. முரட்டுச் சிறுவன் உடைத்தவை அல்ல அவை. பேழையில் போற்றி வைத்தவையும் பொடியாயின. இந்நோய்க்கு மருந்தில்லை. மலாயாவுக்குச் செல்வம் ஈட்டித் தந்த வெள்ளீயமும் இக்கலவையில் நஞ்சே என்பது வியப்பிற்குரியது. நூற்றுக்கு 99.99 பங்கு தூய துத்தநாகத்தைக் கையாளும் கட்டுப்பாடு நிலைத்தபின் நோய் அருகிற்று.

பிளாஸ்டிக் எதிரியாக அன்றி, முதலில் துணையாகவே வந்தது. 1956-இல் வெளிவந்த கார்கி வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் சன்னல்களே சிறப்பு. 1968-இல் ஹாட் வீல்ஸ், மெல்லிய அச்சாணியில் பிளாஸ்டிக் சக்கரம் பூட்டி விரைந்தோடச் செய்தது. அடுத்த ஆண்டே மேட்ச்பாக்ஸ் அவ்வழியைப் பின்பற்றியது. பிளாஸ்டிக்கும் குற்றமற்றதன்று. செல்லுலோஸ் அசிட்டேட் காலப்போக்கில் முறுக்கிக் கொள்ளும். மென்மையான வினைல் டயரில் சேர்த்த நெகிழ்விப்பான் கசிந்து, தான் அணைத்திருக்கும் பாலிஸ்டைரின் சக்கரத்தையே கரைப்பதுண்டு.

லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. இப்போதைய சிறு கார்கள் பலவற்றில் மேலுடல் உலோகம், அடித்தட்டு பிளாஸ்டிக். கவிழ்த்துப் பார்த்தாலன்றித் தெரியாது. போருக்கு முந்திய டிங்கியை விலைபேசுவோரும் கவிழ்த்தே பார்க்கின்றனர். அவர்கள் தேடுவது மயிரிழை வெடிப்பை.