பெயர் ஏறும் இடம்: மென்பொருளாளரின் இணைய நற்பெயர் வந்த வழியும் மதுரையும்

மதுரைத் திட்டத்தின் மின்னூல் எதைத் திறந்தாலும் நூலுக்கு முன்னால் ஒரு நன்றிக் குறிப்பு இருக்கும். தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர், இணையப் பதிப்பாக்கியவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் குறித்திருப்பார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய இந்தத் தன்னார்வப் பணியைச் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்தினர். சங்கம் இருந்த ஊரின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தார்கள். உழைத்தவர்களோ பல நாடுகளில் இருந்தார்கள். பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களுக்கிடையே ஒருவருடைய மதிப்பு அந்தக் குறிப்பில்தான் ஏறியது. வேலையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் அதை எழுதினார்கள். மென்பொருள் உலகிலும் அப்படிப் பெயரைப் பதிவுசெய்யும் கை இருந்தது; அது மாறியபோது மென்பொருளாளரின் நற்பெயர் என்னவாயிற்று என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருவர் பெயரைச் சொல்ல உரியவர் யார் என்பது தமிழில் பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒருவர் நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரை, சொல்லக் கடமைப்பட்டவர்கள் யார் என வரையறுக்கிறது: அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர். நால்வருமே நூலையோ நூலாசிரியரையோ நெருங்கி அறிந்தவர்கள். எல்லாக் கலையும் வல்லவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் அந்நூல் சொல்கிறது. ஆனால் நான்கு இடங்களில் விலக்கு உண்டு: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி பழிக்கும்போது. வேலைக்கு விண்ணப்பிக்கும் மதுரை மாணவர் நிற்பது பெரும்பாலும் இந்த நான்கில் ஓர் இடத்தில்தான். தன் புராஜெக்டைப் பற்றி அவர் லிங்க்ட்இன்னில் எழுதினால் அதை வீண் பெருமை என்று ஒதுக்குவது மரபுக்கே பொருந்தாது.

கட்டற்ற மென்பொருள் உலகின் தொடக்க வழக்கமும் பாயிரத்தை ஒட்டியே இருந்தது. லினக்ஸ் கருநிரலோடு பங்களித்தோர் பெயர்க்கோப்பும் சேர்ந்தே வந்தது. 2004 முதல் ஒவ்வொரு மாற்றத்திலும் எழுதியவரும் அதை வாங்கி மேலே அனுப்பியவரும் தம் பெயரில் ஒப்பமிடும் முறை ஏற்பட்டது. 1999இல் ரேஃப் லீவியன் தொடங்கிய அட்வகாட்டோ தளம் இதைக் கணிதமாக்கிப் பார்த்தது: உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தொழில் பழகுபவர், தேர்ந்தவர், வல்லுநர் என்று சான்றளிக்க, அந்தச் சான்றுகளின் வலைப்பின்னலிலிருந்து நம்பகத்தன்மை கணக்கிடப்பட்டது. கணக்கை எந்திரம் போட்டாலும் சான்று தந்தவர்கள் மனிதர்கள்.

2008இல் திருப்பம் வந்தது. அந்த ஆண்டில்தான் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பும் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் தொடங்கின. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிலுக்கு ஒரு வாக்கு விழுந்தால் 10 புள்ளி. 15 புள்ளி சேர்ந்தால் பிறர் பதிவை உயர்த்தி வாக்களிக்கலாம், 3000 சேர்ந்தால் ஒரு கேள்வியை மூட வாக்களிக்கலாம். புள்ளியே அதிகாரமாயிற்று. 2012இல் லிங்க்ட்இன், ஒரே சொடுக்கில் அடுத்தவர் திறனை வழிமொழியும் வசதியைத் தந்தது. 2013இல் கிட்ஹப், ஓராண்டு உழைப்பைப் பச்சைக் கட்டங்களாகக் காட்டத் தொடங்கியது. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் உருவாக்கிய ஹேக்கர்ரேங்க், நிரலெழுதும் திறனை மதிப்பெண்ணாக்கி நிறுவனங்களின் வாசலிலேயே வைத்தது.

இந்த மாற்றத்தைக் குறைசொல்வது எளிது. மதுரையிலிருந்து பார்த்தால் அதன் நன்மை தெரியும். 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரியும் பின்னர் சுற்றுவட்டாரத்தில் பெருகிய கல்லூரிகளும் பொறியாளர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தன. வேலையோ சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்தது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்தன. ஹனிவெல், எச்.சி.எல். போன்றவை இங்கே கிளை வைத்தன. மாட்டுத்தாவணி டைடல் பூங்காவுக்கு 2025இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே ஒரு சீனியர் இருந்து ரெஃபரல் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும் என்ற நிலையில், மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படி யார் இருந்தார்கள்? கேம்பஸ் இன்டர்வியூவில் ஆங்கிலம் தடுமாறினால் அன்றோடு கதை முடிந்தது. யாரும் திறந்து பார்க்கக்கூடிய கிட்ஹப் பக்கம், சிபாரிசு இல்லாதவருக்குக் கிடைத்த சிபாரிசு. அதனாலேயே அது கலப்படமாகும்போது முதல் அடி அவருக்கு விழுகிறது.

கலப்படம் எப்படி நடந்தது என்பதற்கு 2020 அக்டோபர் சான்று. கட்டற்ற மென்பொருள் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் (ஒரு திட்டத்தில் தன் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு. எப்படி அனுப்புவது என்று இந்திய யூடியூப் காணொளி ஒன்று செய்துகாட்டியது: யாரோ ஒருவருடைய திட்டத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பைத் திற, 'அற்புதமான திட்டம்' என்று ஒரு வரி சேர், அனுப்பு. அதைப் பார்த்து அப்படியே செய்தவர்களால் பராமரிப்பாளர்கள் திணறிப்போக, 3ஆம் தேதியே விதி மாறியது. விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே இனிக் கணக்கில் வரும் என்றார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ரீட்மீயில் தம் பெயரை எழுதி அனுப்பிய மாணவர் கூட்டமும் ஒரு பாடக் காணொளியைப் பின்பற்றியதே. இந்த மாணவர்களைக் கேலி செய்தவர்கள் அநேகர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டம் பச்சையாக வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ஒரு திட்டத்தின் பிழைப்பட்டியலைப் படித்து, தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, பராமரிப்பாளரிடம் கேள்வி கேட்பது எப்படி என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. இத்தகைய எண்ணிக்கைகளில் ஒன்றை, அதாவது விடாமல் எத்தனை நாள் பங்களித்தார் என்பதை, கிட்ஹப் நிறுவனமே 2016இல் எடுத்துவிட்டிருந்தது.

நெருங்கி அறிந்தவர் சான்று சொல்லும் பாயிர முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்ல முடியாது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் அதற்குச் சான்று. 'ஜியா டான்' என்ற புனைபெயர்க்காரர் 2021 முதல் ஒழுங்கான பங்களிப்புகளைச் செய்து, சோர்ந்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பை வேறொருவருக்கும் கொடுங்கள் என்று அறிமுகமில்லாத வேறு கணக்குகள் அழுத்தம் தந்தன. அவையும் போலி என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று அந்த மென்பொருளில் ஒளிந்திருந்த கள்ளவாசலை வெளிப்படுத்தினார். நற்பெயரே ஆயுதமான அந்த இடத்தில் காப்பாற்றியது, வேலையை நெருங்கிப் பார்த்த ஒருவருடைய கண்.

2022 மார்ச்சில் தொடங்கிய, தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் திறன் படிப்புகளை மாவட்டக் கல்லூரிகளுக்கும் கொண்டுவந்தது. அது பெரிய உதவி. அந்தப் படிப்புகளின் சான்றிதழ்களோடு இன்னொன்றும் வேண்டும். ஒரு மாணவரின் கிட்ஹப் பக்கத்தில் பச்சைக் கட்டங்களை எண்ணும் தேர்வாளர், ஏற்கப்பட்ட ஒரே ஒரு புல் ரிக்வெஸ்டைத் திறந்து அதன் கீழே உள்ள உரையாடலைப் படிக்கட்டும். பராமரிப்பாளர் என்ன குறை சொன்னார், மாணவர் எப்படித் திருத்தினார், எங்கே மறுத்துப் பேசினார் என்பதெல்லாம் அங்கே தேதியோடு இருக்கிறது. கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மதிப்பெண் போடும்போது இந்த உரையாடலையும் கணக்கில் எடுக்க முடியும். அதற்குப் புதிய மென்பொருளோ நிதியோ தேவையில்லை, பேராசிரியர் ஒரு மாணவருக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.