தஞ்சாவூர்க் கண் மருத்துவ ஓவியங்கள்

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்து நோயாளர் குறிப்பேடுகளில் இடம்பெற்ற வண்ண ஓவியங்கள். இன்று தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. மன்னர் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் நான்கும் புழங்கின.

நோயாளரின் பெயர், வயது, நோயின் நிலை, சிகிச்சை ஆகியவற்றை எழுதி, பக்கத்திலேயே அந்தக் கண்ணையும் வரைந்துவைத்தனர். வெண்விழியின் சிவப்பு, பாவையில் படர்ந்த புரை, இமையின் வீக்கம் எதையும் ஓவியர் அழகுபடுத்தவில்லை. பொன் தகடும் கண்ணாடிக் கல்லும் பதித்த தெய்வப் படங்களுக்குப் பேர்போன ஊரில் இந்தச் சிக்கனம் வியப்புக்குரியது. ஒளிப்படம் வருமுன் மருத்துவருக்கு இதுவே சான்று. ஐரோப்பியப் பாணியில் இயற்கையைப் பார்த்து வரையும் பழக்கம் அரண்மனையில் ஏற்கெனவே இருந்தது. சரபோஜி பறவை, விலங்கு ஓவியங்களையும் வரைவித்தார்.

அவருக்கு ஐரோப்பியக் கல்வி தந்த சுவார்ட்சு, காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடியின் டேனிஷ் மிஷனில் பணி தொடங்கியவர்.

கண் அறுவைச் சிகிச்சைக்கு மன்னரே கத்தி எடுத்தாரா என்ற கேள்வியைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. தூரிகை பிடித்தவர்களுக்கும் அதில் பாதிப் புகழ் சேர வேண்டும். அண்மைக் காலத்தில் சென்னைக் கண் மருத்துவர்கள் இவ்வேடுகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.