உள்வாடகைக்கு விட்ட இணையம்

திருத்தணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முருகன் கோயிலைச் சொல்வார்கள். ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும், அதன் பலனாக 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்த ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும் சொல்வார்கள். அதற்குப் பிறகு இங்கே என்னென்ன தொழில்கள் வந்தன, போயின என்று எழுதுவோர் குறைவு. லாட்ஜ், கல்யாண மண்டபம், மெட்ரிக் பள்ளி, லுங்கி வியாபாரம் என்று ஊரில் இருந்த எல்லாவற்றுக்கும் வெப்சைட் எடுத்துக் கொடுத்து, அது படுத்துவிடாமல் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்ட ஹோஸ்டிங் ரீசெல்லர்களின் தொழில் அதில் ஒன்று. நான் அந்தத் தொழில் செய்தவன். இதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது பெருநகரங்களின் சமாச்சாரம். திருத்தணி சென்னையிலிருந்து 85 கிலோமீட்டர்தான். ஆனால் மோடத்தில் சென்னை நம்பரைச் சுற்றினால் எஸ்.டி.டி. பில் ஏறும். 1998-ல் தனியாருக்கும் அனுமதி கிடைத்து, சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் சேவையாக வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன.

டாட் காம் பெயர்களை அப்போது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மட்டுமே கொடுத்துவந்தது. 1995-ல் கட்டணம் வைத்தபோது இரண்டு வருஷத்துக்கு 100 டாலர். 1999-ல் அந்த ஏகபோகம் உடைந்து, பல பதிவாளர்கள் வந்து, விலை சரிந்தது. மும்பையில் பவின் துராக்கியா, திவ்யாங்க் துராக்கியா என்ற சகோதரர்கள் 1998-ல் தொடங்கிய டைரக்டி நிறுவனம் ரீசெல்லர்கிளப் என்று ஒன்றை வைத்தது. முன்பணம் கட்டி வைத்தால், டொமைன் எடுக்க எடுக்க அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். கிரெடிட் கார்டைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரனும் ரூபாயில் பணம் கட்டிக் கடை விரிக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. 2005 தொடக்கத்தில் டாட் இன் பெயர்களும் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அதற்கு முன் கெடுபிடி அதிகம். அதுவரை சுமார் 7,000 பெயர்கள்தான் பதிவாகியிருந்தன.

பெயர் கிடைத்தால் போதாது, இடம் வேண்டும். கோயில் கடையை ஏலத்தில் எடுத்தவர் அதில் பாதியை உள்வாடகைக்கு விடுவாரே, அதே ஏற்பாடுதான் இங்கும். டெக்சாஸில் ஒருவருக்கு டேட்டா சென்டர். அதில் சர்வர்களை வாடகைக்கு எடுத்தவர் ஒரு ஹோஸ்டிங் கம்பெனி. அந்தக் கம்பெனியிடம் கொஞ்சம் டிஸ்க், கொஞ்சம் பேண்ட்விட்த் எடுத்தவன் நான். என்னிடம் 50 எம்.பி. எடுத்தவர் பைபாஸ் ரோட்டு லாட்ஜ்காரர். மேலே இருப்பவருக்கு லாட்ஜ்காரரைத் தெரியாது. லாட்ஜ்காரருக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது. எங்கே எது உடைந்தாலும் அவர் என் வாசலுக்குத்தான் வருவார்.

நிக் கோஸ்டன் என்ற இளைஞர் 1996-ல் எழுதத் தொடங்கிய சிபேனல்தான் இந்தச் சங்கிலியைச் சாத்தியமாக்கியது. அதன் மேல்தட்டான டபிள்யூ.எச்.எம். திரையில் டொமைன் பெயர், எட்டு எழுத்துக்குள் ஒரு யூசர்நேம், பாஸ்வேர்ட், எந்த பேக்கேஜ் என்று நிரப்பி பட்டனை அழுத்தினால், பச்சை எழுத்தோ சிவப்பு எழுத்தோ வரும்வரை வரிவரியாக ஓடும். ஒரு நிமிஷத்தில் ஓர் இணையதளத்துக்கான இடம், மெயில் பெட்டி, டேட்டாபேஸ் எல்லாம் தயார். சர்வரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் கையில் இவ்வளவு அதிகாரம் கிடைத்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதன் பிறகு நேம்சர்வர் மாற்றம் உலகம் முழுக்கப் பரவ ஒருநாள், இரண்டுநாள் ஆகும். அதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

"இன்னா தம்பி, துட்டு வாங்கிக்கினு போயிட்ட, சைட்டு ஒண்ணும் வரலியே?"

"நாளைக்கு சாயங்காலம் பாருங்கண்ணே, கண்டிப்பா வந்துடும்."

நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறி வியாபாரிகளிடம் இதையே தெலுங்கில் சொல்வேன்.

2008 மே 31-ல் ஹூஸ்டனில் தி பிளானட் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் மின் அறை வெடித்தது. சுவர்களே சரிந்தன. யாருக்கும் காயமில்லை, சர்வர்களுக்கும் சேதமில்லை. ஆனால் தீயணைப்புத் துறை ஜெனரேட்டரைப் போடவும் அனுமதிக்காததால் சுமார் 9,000 சர்வர்கள் நின்றுபோயின. இங்கே ஞாயிறு விடியற்காலை. என் கணக்கு அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனாலும் எங்கள் தொழில் எவ்வளவு தூரத்துக் கம்பியில் தொங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் ரீசெல்லர்கள் நேரில் பார்த்தார்கள். மேலே இருப்பவன் பேக்கப் எடுப்பான் என்று இருக்கக் கூடாது, நம் கையில் ஒரு பிரதி வேண்டும் என்பது அதன் பிறகு தொழில் ஒழுக்கமே ஆயிற்று.

அதற்கு வழியும் இருந்தது. 2005-ல் வந்த பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் இணைப்பில், ஹோம் 500 திட்டக்காரர்களுக்கு ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை டவுன்லோடுக்குக் கணக்கில்லை. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஒவ்வொரு கணக்கின் பேக்கப் ஃபைலையும் இறக்க விட்டுப் படுப்பேன். காலையில் அவை டிவிடியில் ஏறும். பிறகு ஒருமுறை, எனக்கு மேலே இருந்த ஒரு கம்பெனி மெயிலுக்கும் போனுக்கும் பதில் சொல்லாமல் ஒரே நாளில் காணாமல் போனது. அந்த டிவிடிகளிலிருந்துதான் ஒரு பள்ளியின் பத்து வருஷப் புகைப்படங்களை வேறு சர்வரில் ஏற்றினேன். தலைமையாசிரியைக்கு நடந்தது தெரியவே தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் எனக்குப் பெருமை.

லாபக் கணக்கு ரொம்ப மெல்லிசு. ரீசெல்லர் கணக்குக்கு அன்றைய வழக்கமான விலை மாதம் 24.95 டாலர். 2008 ஜனவரியில் டாலர் 40 ரூபாய்க்கும் கீழே. அப்போது ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். 2013 ஆகஸ்டில் டாலர் 68-ஐத் தொட்டபோது அதே கணக்குக்கு 1,700 ரூபாய். வாடிக்கையாளரிடம் வருஷத்துக்கு ஒருமுறை ரூபாயில் வாங்கியாயிற்று. நடுவில் போய் ஏற்றித் தா என்று கேட்க முடியுமா? அந்த வருஷங்களின் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போட்ட காசு எந்த ரசீதிலும் ஏறவில்லை.

2011 முடிவில் கூகுள், ஹோஸ்ட்கேட்டரோடு சேர்ந்து சிறு வியாபாரிகளுக்கு ஒரு வருஷம் இலவச டாட் இன் பெயரும் வெப்சைட்டும் கொடுத்தது. 2012-ல் கோடாடி இந்தியாவுக்கு வந்தது. அதே வருஷம் ஹோஸ்ட்கேட்டரையும், 2014-ல் டைரக்டியின் ஹோஸ்டிங், டொமைன் தொழிலையும் எண்டூரன்ஸ் என்ற ஒரே அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2019 செப்டம்பரிலிருந்து சிபேனல் தலைக்கு இவ்வளவு என்று கணக்குக்குக் கணக்கு விலை வைத்தது. இதற்குள் லாட்ஜ்காரர் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் கூகுள் மேப்புக்கும் போய்விட்டார்.

விலைப் போட்டி பற்றி எனக்கு மனக்குறை இல்லை. மலிவாகக் கிடைப்பது நல்லதுதான். போனது வேறு. டாட் காம் பெயர் காலாவதியானால் சில வாரம் அவகாசம் தருவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், பல மடங்கு அபராதம். அதுவும் தாண்டினால் ஐந்து நாளில் பெயர் சந்தைக்குப் போய்விடும். இந்தத் தேதிகளெல்லாம் என்னிடம் நீளநோட்டில் இருந்தன. சீசன் கூட்டத்தில் மெயிலைத் திறக்க நேரமில்லாத மண்டபக்காரருக்கு, நானே நேரில் போய், "அண்ணே, இந்த மாசம் பெயர் முடியுது" என்று சொல்லிவிட்டு வருவேன். இப்போது ஆங்கிலத்தில் நினைவூட்டல் மெயில் வருகிறது, ஸ்பேமில் விழுகிறது, பெயர் போகிறது. ஊர்ப் பள்ளிகளின், சங்கங்களின் பழைய முகவரிகளில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பழைய பக்கங்களை மீட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் வந்தன. அவற்றோடு டிஸ்கியும், ஆளுக்கொரு சொந்த எழுத்துருவும் புழங்கின. யூனிகோட் நிலைபெறும்வரை நாங்கள் ஏற்றிய தமிழ்ப் பக்கங்களெல்லாம் இந்த ரகம்தான். இன்டர்நெட் ஆர்க்கைவில் அவற்றில் சில கிடைக்கின்றன. ஆனால் எழுத்துரு இல்லாமல் திறந்தால் புரியாத ரோமன் எழுத்தும் குறியுமாகத் தெரியும். என் பழைய டிவிடிகளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, உரியவர்களிடம் கேட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஆடிக் கிருத்திகை அன்னதானக் குழு ஒன்றின் வரவுசெலவு, படித் திருவிழாப் படங்கள், ஒரு நெசவாளர் சங்கத்தின் கூலி ஒப்பந்தம் ஆகியவை இதுவரை மீண்டிருக்கின்றன. டிவிடிகள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டன. அரக்கோணம், திருவள்ளூர், பள்ளிப்பட்டுப் பக்கம் இதே தொழில் செய்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் தங்கள் பெட்டிகளை இந்த வருஷமே திறந்து பார்க்க வேண்டும்.