வாயிலில் நின்ற அளவுகோல்கள்: திருகோணமலை மாணவரும் செய்நிரலாக்க முன்னறிவும்

இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதியின் வரலாறு அளவுகோல்களின் வரலாறேயாகும். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்திற்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. இது வெளிப்படையான அநீதி. 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு யாழ்ப்பாணத்தின் இடங்களைக் குறைத்தது. அதேவேளை, பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழியும் திறந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே வரலாற்று நேர்மை. 2001இல் இசட் புள்ளி முறை வந்தது. ஆயினும் இவையனைத்தும் யாரை உள்ளே விடுவது என்றே வினவின. உள்ளே வந்தவர் எதனை அறிந்து வந்தார் என வினவவில்லை.

2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உருவாயிற்று. அங்கே கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகின்றது. உயர்தரத்தில் தகவல் தொழினுட்பவியலைப் பாடமாகக் கற்றவர் பைதன் மொழியில் எழுதிப் பழகியிருப்பர். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்றவர் ஒரு வரிச் செய்நிரலும் எழுதாமல் வரக்கூடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மக்கள் பாதையிலேறிக் கடல் கடந்த மாவட்டம் இது. துறைமுக நகரின் பாடசாலையையும் அக்கரைக் கிராமத்துப் பாடசாலையையும் பிரித்தது கடல் மட்டுமன்று, ஆய்வுகூடமும் ஆசிரியருமே.

ஆகவே முன்னறிவை மதிப்பிடல் அவசியம். ஆனால் எந்நோக்கத்திற்காக? 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெஹ்னாடியும் போர்னட்டும், எளிய ஒப்படைக் கூற்றுகள் பற்றிய ஒரு வினாத்தாளைக் கொண்டு, செய்நிரலாக்கம் கைவரப்பெறுவோரையும் அல்லாதோரையும் கற்பித்தலுக்கு முன்னரே பிரித்தறியலாம் என்றனர். 2014இல் போர்னட் தாமே அக்கூற்றை மீளப்பெற்றார். பிறவித் திறன் என்னும் கருத்து எத்துணை இலகுவாக விஞ்ஞானத்தின் உடையை அணிந்துகொள்கிறது என்பதற்கு இது சான்று.

எமது முடிவு இதுவே. முதல் வாரத்து மதிப்பீடு புள்ளிப்பட்டியலிற் சேரலாகாது. அது தமிழிலும் அமைதல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வினவின், அளக்கப்படுவது செய்நிரலாக்க அறிவன்று, ஆங்கில அறிவே. மாணவரின் விடையோடு அவரது பாடசாலையிற் கணினி இருந்ததா, ஆசிரியர் இருந்தாரா என்பதும் பதியப்படல் வேண்டும். அவ்வாறு செய்யின், பதிவாகும் குறைபாடு மாணவருடையதன்று, அரசினுடையது என்பது புலனாகும். வாயிலைக் காத்த அளவுகோல் இனி வகுப்பறைக்குப் பணிபுரியட்டும்.